உங்களுக்குத் தெரியுமா? ரவுட்டர் நல்லாத்தான் இருக்கு!

வீட்டில் வைஃபை மக்கர் செய்தால் முதல் பழி ரவுட்டர் மேல். அடுத்தது பிராட்பேண்ட் கம்பெனி மேல். லைன்மேன் வந்து பார்ப்பார், "லைன் நல்லாத்தான் சார் இருக்கு" என்பார், போய்விடுவார். நெட் மட்டும் வராது. இப்படி யாராவது புலம்பினால் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: மொபைல் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்க எப்போதாவது ஏதாவது ஆப் போட்டீர்களா? 'டெதரிங்' ஆப்கள் எனப்படும் இவை வேலை முடிந்த பிறகும் லேப்டாப்பிலும் போனிலும் சில மாற்றங்களை விட்டுவிட்டுப் போகின்றன. அந்த மாற்றங்கள் எங்கே இருக்கும், எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இந்த வாரத் துணுக்குகள்.

வைஃபை இருக்கும், பிரவுசர் மட்டும் ஓடாது

வைஃபை குறி முழுதாகத் தெரிகிறது. ஆனால் குரோமில் ஒரு பக்கமும் திறக்கவில்லை, "ப்ராக்ஸி சர்வரில் ஏதோ கோளாறு" என்று செய்தி வருகிறது. இதுதான் டெதரிங் ஆப்கள் விட்டுச்செல்லும் வம்புகளில் மிகப் பரவலானது.

காரணம் இது. போனுக்குள்ளேயே இருக்கும் ஹாட்ஸ்பாட், போனின் சிஸ்டம் அனுமதியோடு இயங்குகிறது. நாமாகப் போடும் ஆப்புக்கு அந்த அனுமதி கிடையாது. அதனால் பிடிஏநெட், நெட்ஷேர் போன்ற ஆப்கள் வேறு வழி பிடிக்கின்றன. 'வைஃபை டைரக்ட்' என்ற வசதியில் ஒரு தனி இணைப்பை உண்டாக்கி, போனுக்குள் ஒரு ப்ராக்ஸியை ஓட்டுகின்றன. லேப்டாப்பிலிருந்து வரும் கோரிக்கைகளை அந்த ப்ராக்ஸி வாங்கி, தன் பெயரில் மொபைல் நெட்டுக்கு அனுப்பும். இதற்காக லேப்டாப்பின் ப்ராக்ஸி பக்கத்தில் 192.168.49.1 என்ற முகவரியையும் ஒரு போர்ட் எண்ணையும் நாமே எழுதச் சொல்வார்கள். பிடிஏநெட்டுக்கு அந்த எண் 8000, நெட்ஷேருக்கு 8282.

எழுதினோம், வேலை முடிந்தது, வீட்டு வைஃபைக்குத் திரும்பினோம். ஆனால் விண்டோஸ் அந்த ப்ராக்ஸியை மறப்பதில்லை. நாம் கையால் எழுதிய ப்ராக்ஸியை அது எல்லா நெட்வொர்க்குக்கும் பொதுவாகவே வைத்துக்கொள்கிறது. பிரவுசர் வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே 192.168.49.1 எங்கே என்று தேடுகிறது. வீட்டில் அப்படி ஒரு முகவரியே இல்லை.

தீர்வு மிக எளிது. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி என்று போய், 'யூஸ் எ ப்ராக்ஸி சர்வர்' என்பதை அணைத்துவிடுங்கள். ரவுட்டரைத் தொடவே வேண்டாம்.

ப்ராக்ஸிதான் குற்றவாளி என்று எப்படி உறுதிசெய்வது?

ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்குத் தனியாக ஒரு ப்ராக்ஸி பக்கம் உண்டு. வழக்கமாக அது விண்டோஸ் சொல்வதையே பின்பற்றும். அங்கே 'நோ ப்ராக்ஸி' என்று மாற்றிப் பாருங்கள். பக்கங்கள் திறந்துவிட்டால் லைன், ரவுட்டர், வைஃபை மூன்றும் சரி என்று அர்த்தம். விண்டோஸில் இருக்கும் ப்ராக்ஸி மட்டுமே சிக்கல்.

கமாண்ட் ப்ராம்ப்ட் பழக்கம் உள்ளவர்கள் 8.8.8.8 என்ற கூகுள் முகவரியைப் 'பிங்' செய்து பார்க்கலாம். பிங் ப்ராக்ஸி வழியாகப் போவதில்லை. பதில் வருகிறது, பிரவுசர் மட்டும் ஓடவில்லை என்றால் சந்தேகம் முதலில் ப்ராக்ஸி மேல் விழ வேண்டும்.

127.0.0.1 என்று இருந்தால்?

அது வெளியே எங்கோ உள்ள முகவரி அல்ல, உங்கள் கம்ப்யூட்டரேதான். ஏதோ ஒரு புரோகிராம் உள்ளேயே ப்ராக்ஸி வைத்திருக்கிறது. அந்தப் புரோகிராமை நீக்கியிருந்தாலோ அது ஓடாமல் இருந்தாலோ பிரவுசர் முடங்கும். டெதரிங் ஆப் மட்டுமல்ல, சில ஆன்டிவைரஸ்களும் வைரஸ்களும்கூட இப்படிச் செய்யும். நீங்கள் எதுவும் போடாமலே இந்த எண் இருந்தால் ஒரு முழு ஸ்கேன் போட்டுவிடுங்கள்.

போனும் மேக்கும் இதில் வேறு மாதிரி

ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ப்ராக்ஸி ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனியாகப் பதியும். ஹாட்ஸ்பாட்டுக்குப் போட்டது வீட்டு வைஃபையைத் தொடாது. மேக் கம்ப்யூட்டரில் வைஃபை முழுவதற்கும் ஒரே ப்ராக்ஸிதான். அதனால் மேக் வைத்திருப்பவர்கள் வைஃபை 'டீடெயில்ஸ்' பக்கத்தில் ப்ராக்ஸி பகுதியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஐபி முகவரியே துப்பு கொடுக்கும்

லேப்டாப் இப்போது யாரிடமிருந்து நெட் வாங்குகிறது என்பதை அதன் ஐபி முகவரியின் முன்பகுதியைப் பார்த்தே சொல்லிவிடலாம். கடிதத்தின் பின்கோடைப் பார்த்து ஊரைச் சொல்வது போலத்தான்.

வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைத் தருகின்றன. ஜியோ ஃபைபர் வீடுகளில் 192.168.29. அதற்குப் பதிலாக 192.168.43 என்று தெரிந்தால், லேப்டாப் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனின் வைஃபை ஹாட்ஸ்பாட்டில் இருக்கிறது. 42 என்றால் யுஎஸ்பி கேபிள் வழி, 44 என்றால் புளூடூத் வழி. புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் இந்த மூன்றாவது எண் நிலையாக இருப்பதில்லை, மாறிக்கொண்டே இருக்கும். ஐபோன் ஹாட்ஸ்பாட் என்றால் 172.20.10. இன்னொரு விண்டோஸ் லேப்டாப்பின் ஹாட்ஸ்பாட் என்றால் 192.168.137. வைஃபை டைரக்ட் ஆப் என்றால் மேலே சொன்ன 192.168.49.

169.254 என்று தொடங்கினால் யாருமே முகவரி தரவில்லை, லேப்டாப் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள்.

விண்டோஸில் வைஃபை பெயரின் 'ப்ராப்பர்டீஸ்' பக்கத்தைக் கீழே உருட்டினால் 'ஐபிவி4 அட்ரஸ்' என்று இது இருக்கும். கம்பெனிக்குப் போன் போடும் முன் இதைப் பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே புரிந்துவிடும்.

கையால் போட்ட முகவரி

சில ஆப்களின் வழிகாட்டிகள் ப்ராக்ஸியோடு நிற்காமல் ஐபி முகவரி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) இரண்டையும் கையால் எழுதச் சொல்லும். அந்த எண்கள் போனின் ஹாட்ஸ்பாட்டுக்குத்தான் பொருந்தும். வீட்டு ரவுட்டர் 192.168.1 என்று இருக்க, லேப்டாப் 192.168.43 என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டும் பேசிக்கொள்ளவே முடியாது. "கனெக்டட், நோ இன்டர்நெட்" என்று வரும். ஐபி, டிஎன்எஸ் இரண்டையும் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். முகவரி கொடுப்பதை ரவுட்டரே பார்த்துக்கொள்ளும்.

கரண்ட் வந்த பிறகும் போனிலேயே ஓடும் லேப்டாப்

கரண்ட் போகிறது, ரவுட்டர் அணைகிறது, போனில் ஹாட்ஸ்பாட் போடுகிறோம். கரண்ட் வருகிறது, ரவுட்டரும் விழித்துக்கொள்கிறது. லேப்டாப் மட்டும் திரும்பி வருவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இணைப்பை விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தானாகத் தாவுவது விண்டோஸின் வழக்கம் அல்ல. நாம் ஹாட்ஸ்பாட்டை அணைக்கும்வரை அது போனைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

விளைவு என்ன? ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று இருக்கும் மொபைல் டேட்டா தீர்ந்துபோகும். தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கும் திட்டங்களே இங்கே அதிகம். 64 கேபிபிஎஸ் என்றால் விநாடிக்கு 8 கிலோபைட். 1 எம்பி அளவுள்ள ஒரு போட்டோ இறங்க 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். லேப்டாப்பிலோ வைஃபை குறி முழுதாக நிற்கும். அந்தக் குறி காட்டுவது போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் உள்ள சிக்னலை மட்டும்தான். போனுக்கு வெளியே நெட் எந்த வேகத்தில் வருகிறது என்பது அதற்குத் தெரியாது. "வைஃபை ஃபுல்லா இருக்கு, நெட் வரலை" என்று வீட்டில் குரல் கேட்டால் முதலில் எந்த வைஃபை என்று பெயரைப் பாருங்கள்.

ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு

வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே போன் ஹாட்ஸ்பாட்டுக்கும் வைத்துவிட்டால், டிவி, கேமரா, ஸ்மார்ட் பல்பு எதையும் மறுபடி இணைக்க வேண்டியதில்லை. கெட்டிக்கார யோசனைதான். கரண்ட் இல்லாத ஒரு மணி நேரத்துக்கு நன்றாக உதவும். ஆனால் ரவுட்டரும் போனும் ஒரே நேரத்தில் ஓடினால் எந்தச் சாதனம் எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டும் அவற்றுக்கு ஒரே வைஃபைதான். ஹாலில் இருக்கும் டிவி போனைப் பிடித்துக்கொண்டு ஒரு சினிமாவை முழுதாக மொபைல் டேட்டாவில் ஓட்டிவிடும்.

இன்னொரு பக்கவிளைவு: ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போது டேட்டாவை மிச்சப்படுத்த விண்டோஸில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' போட்டிருப்பீர்கள். பெயர் ஒன்றே என்பதால் அது வீட்டு வைஃபைக்கும் ஒட்டிக்கொள்ளும். அப்டேட்களும் ஒன்டிரைவ் போன்றவையும் வீட்டிலும் தயங்கித் தயங்கி ஓடும். ஹாட்ஸ்பாட்டுக்கு வேறு பெயர் வையுங்கள் என்பதே என் கட்சி.

சார்ஜ் போட்ட கேபிள்

போனை லேப்டாப்பில் சார்ஜ் போட்டவுடன் வீட்டு நெட் நின்றுபோகிறதா? யுஎஸ்பி டெதரிங் ஓடிக்கொண்டிருக்கலாம். கேபிள் வழி வரும் போனை விண்டோஸ் ஒரு நெட்வொர்க் கார்டாகவே பார்க்கிறது. பட்டியலில் 'ரிமோட் என்டிஐஎஸ்' என்று வரும். இரண்டு வழிகள் திறந்திருந்தால் விண்டோஸ் ஒவ்வொன்றுக்கும் 'மெட்ரிக்' என்ற எண் கொடுத்து, எண் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும். போன் முந்திக்கொண்டால் வைஃபை சும்மா நிற்கும்.

ஆண்ட்ராய்டில் கேபிளைக் கழற்றினால் யுஎஸ்பி டெதரிங் அணைந்துவிடும். மறுபடி மறுபடி தானாக வருகிறது என்றால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் யுஎஸ்பியின் இயல்பு நிலையை யாரோ டெதரிங் என்று மாற்றியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஈஸிடெதர் போன்ற ஆப்கள் கேபிள் வழி இணைய 'யுஎஸ்பி டீபக்கிங்' என்ற வசதியைப் போனில் திறந்துவைக்கச் சொல்லும். அது ஆப் எழுதுபவர்களுக்கான வாசல். அதைத் திறந்து, ஒரு கம்ப்யூட்டருக்கு அனுமதியும் கொடுத்துவிட்டால், அந்தக் கம்ப்யூட்டரால் போனுக்குள் நிறையச் செய்ய முடியும். வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள். நெட் ஓடுவதைவிட இது பெரிய விஷயம்.

ஒரு லேப்டாப், முழு வீடும் அவுட்

இந்தத் துணுக்கைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நன்றாக அனுபவம் உள்ளவர்களையே சுற்றலில் விடும் கோளாறு இது.

விண்டோஸில் 'இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்' என்று ஒன்று உண்டு. ஒரு வழியில் வரும் நெட்டை இன்னொரு வழியில் பிறருக்குக் கொடுக்கும். போனிலிருந்து வாங்கிய நெட்டை லேன் கேபிள் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொடுக்க யாரோ அதைப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைப் போட்ட கணம் அந்த லேப்டாப்பின் லேன் முகவரி 192.168.137.1 ஆகிவிடும்; அந்த லேன் பக்கம் யார் வந்து கேட்டாலும் முகவரி கொடுக்கவும் தொடங்கிவிடும். சில நாள் கழித்து அதே லேன் கேபிளை வீட்டு ரவுட்டரில் செருகுகிறார்கள். இப்போது வீட்டுக்குள் முகவரி கொடுப்பவர்கள் இரண்டு பேர்: ரவுட்டர் ஒன்று, இந்த லேப்டாப் இன்னொன்று.

போன், டிவி எல்லாம் ஒவ்வொரு முறை இணையும்போதும் முகவரி கேட்கும். யார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்களோ அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். ரவுட்டரிடம் வாங்கியவருக்கு நெட் வரும். லேப்டாப்பிடம் வாங்கியவருக்கு வராது, அல்லது லேப்டாப் ஓடும்வரை மட்டும் வரும். அப்பா போனில் யூடியூப் ஓடும், அம்மா போனில் வாட்ஸ்அப்பே வராது, அரை மணி நேரத்தில் நிலைமை தலைகீழாகும். ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் குழப்பம் தீராது. குழப்பம் ரவுட்டரில் இல்லையே!

நெட் வராத போனின் ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168.137 என்று இருந்தால் கையும் களவுமாகப் பிடிபட்டது. லேப்டாப்பில் நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு அடாப்டரின் ப்ராப்பர்டீஸிலும் 'ஷேரிங்' பகுதியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு போனிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும்.

போனிலேயே வைஃபை முடங்கினால்

லேப்டாப் நன்றாக இருக்கிறது, ஹாட்ஸ்பாட் கொடுத்த போனில்தான் வீட்டு வைஃபை ஓடவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு.

முதலாவது விபிஎன். சில டெதரிங் ஆப்கள் போனில் ஒரு விபிஎன் அமைத்துக்கொள்ளும். மேலே சாவிக் குறி தெரிந்தால் விபிஎன் ஓடுகிறது. அதில் 'ஆல்வேஸ் ஆன்' என்பதோடு 'விபிஎன் இல்லாமல் இணைப்பைத் தடு' என்ற பொருளில் உள்ள பொத்தானும் போட்டிருந்தால், ஆப் ஓடாதபோது போனுக்கு எந்த வழியிலும் நெட் வராது. வைஃபை இணைந்தே இருக்கும். உள்ளே ஒன்றும் நகராது. இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது 'பிரைவேட் டிஎன்எஸ்'. 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல் இது உண்டு. அங்கே எழுதியிருக்கும் சர்வர் பதில் சொல்லாவிட்டால் வைஃபை "இணைந்தது, இன்டர்நெட் இல்லை" என்றே காட்டும். 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள்.

இரண்டிலும் தீரவில்லை என்றால் போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரூட் செய்த போன்களில் ஓடும் பழைய டெதரிங் ஆப்கள் போனின் நெட் பாதையையே திருத்தி எழுதுபவை. நடுவில் நின்றுபோனால் வைஃபை பொத்தான் பாதியில் சிக்கிக்கொள்ளும். பெரும்பாலும் ரீஸ்டார்ட்டில் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

ஐபேட் சத்தமில்லாமல் டேட்டா தின்னும்

ஐபோனும் ஐபேடும் ஒரே ஆப்பிள் கணக்கில் இருந்தால், வீட்டு வைஃபை நின்றதும் ஐபேட் தானாகவே ஐபோன் ஹாட்ஸ்பாட்டைப் பிடித்துக்கொள்ள முடியும். வைஃபை பக்கத்தில் 'ஆட்டோ ஜாயின் ஹாட்ஸ்பாட்' என்பதை 'ஆஸ்க் டு ஜாயின்' என்று வைத்தால் உங்களைக் கேட்டுவிட்டுத்தான் இணையும்.

பிரின்டர் காணோம்

லேப்டாப் போன் ஹாட்ஸ்பாட்டில், பிரின்டர் வீட்டு வைஃபையில். இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். பிரின்டர் தெரியாது, டிவிக்கு வீடியோ அனுப்ப முடியாது. பிரின்டர் டிரைவரை மறுபடி போட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டையும் ஒரே வைஃபைக்குக் கொண்டுவந்தால் போதும்.

'டைரக்ட்' என்று தொடங்கும் பெயர்கள்

வைஃபை பட்டியலில் 'டைரக்ட்' என்று ஆங்கிலத்தில் தொடங்கும் பெயரைக் கண்டு யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். அது வைஃபை டைரக்ட் இணைப்பு. உங்கள் பிரின்டராகவோ ஸ்மார்ட் டிவியாகவோ இருக்கலாம். அணைக்க மறந்த டெதரிங் ஆப்பாகவும் இருக்கலாம்.

ரவுட்டர் பக்கத்தில் ஹாட்ஸ்பாட்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. ரவுட்டருக்குப் பக்கத்திலேயே போனை வைத்து ஹாட்ஸ்பாட் ஓட்டினால் அந்த மூன்றில் ஓர் இடத்தை அதுவும் பங்குபோட்டுக்கொள்ளும். ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் வீட்டு வைஃபை மந்தமாகும். புளூடூத்தும் இதே அலைவரிசையில்தான்.

யுஎஸ்பி 3.0 கேபிள்களும் போர்ட்களும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலை உண்டாக்கும் என்று இன்டெல் நிறுவனம் 2012-லேயே ஓர் அறிக்கை வெளியிட்டது. லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் செருகியதும் வைஃபை தடுமாறினால் காரணம் இதுவாக இருக்கலாம். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் லேப்டாப்பை அதற்கு மாற்றுங்கள்.

வீட்டு வைஃபையையே வாங்கி ஹாட்ஸ்பாட்டாகத் திருப்பிக் கொடுக்கும் வசதியும் சில போன்களில் உண்டு. ஒரே ரேடியோ வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருந்தால் வேகம் பாதிக்குப் பாதி போய்விடும். சிக்னல் எட்டாத மூலை அறைக்கு அவசரத்துக்குச் சரி, அன்றாடத்துக்கு வேண்டாம்.

இத்தனை ஆப்கள் எங்கே, ஏன் பிறந்தன?

அமெரிக்காவில். அங்குள்ள மொபைல் கம்பெனிகள் போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கத் தனிக் கட்டணம் வாங்கின. அதைத் தவிர்க்கவே இந்த ஆப்கள் புறப்பட்டன. பிடிஏநெட், பாம் கைக்கணினிகள் காலத்திலேயே இருந்த பெயர். 2010 ஜூலையில் ஐபோனுக்கு 'ஹேண்டி லைட்' என்று ஒரு டார்ச் ஆப் வந்தது. அதன் வண்ணங்களைக் குறிப்பிட்ட வரிசையில் தொட்டால் உள்ளே ஒளித்துவைத்த டெதரிங் திறக்கும். விஷயம் வெளியானதும் ஆப்பிள் அதை நீக்கியது. 2011 நவம்பரில் 'ஐடெதர்' என்ற ஆப் வெளிப்படையாகவே ஆப் ஸ்டோருக்குள் வந்து, சில மணி நேரத்தில் காணாமல் போனது.

ஆண்ட்ராய்டிலும் போராட்டம் நடந்தது. வெரைசன் வயர்லெஸ் கம்பெனி, தன் வாடிக்கையாளர்களுக்கு டெதரிங் ஆப்கள் கிடைக்காதபடி செய்யுமாறு கூகுளிடம் கேட்டுக்கொண்டதாக எழுந்த புகாரை அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் விசாரித்தது. அந்தக் கம்பெனி ஏலத்தில் வாங்கிய 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, வாடிக்கையாளர் விரும்பும் ஆப்களைத் தடுக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 2012 ஜூலை 31-ல் 12.5 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது வெரைசன்.

நம் ஊரில் பெரும்பாலான மொபைல் திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கட்டணமே கிடையாது. ஆண்ட்ராய்டில் 2010 முதல், ஐபோனில் 2011 முதல் வைஃபை ஹாட்ஸ்பாட் உள்ளேயே இருக்கிறது. அதைப் போட்டால் ப்ராக்ஸி வேண்டாம், கையால் முகவரி எழுத வேண்டாம், டீபக்கிங் வேண்டாம். தமிழ்நாட்டு வீட்டில் இருப்பவருக்கு இந்த ஆப்கள் தேவையே இல்லை என்று துணிந்து சொல்வேன்.

65 என்ற எண்

நெட்டில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் 'டிடிஎல்' என்று ஓர் எண் இருக்கும். போன் அதை 64 என்று அனுப்பும், விண்டோஸ் 128. ஹாட்ஸ்பாட்டைக் கடக்கும்போது ஒன்று குறையும். இதை வைத்துத்தான் சில கம்பெனிகள் டெதரிங்கைக் கண்டுபிடிக்கின்றன. அதை ஏமாற்ற லேப்டாப்பில் 65 என்று மாற்றச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து மாற்றியிருந்தால் கவலை வேண்டாம். வீட்டு வைஃபைக்கு அதனால் கெடுதல் இல்லை.

நீக்குவதிலும் வரிசை உண்டு

ஆப்பை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு தேடாதீர்கள். முதலில் ப்ராக்ஸியை அணையுங்கள். ஐபி, டிஎன்எஸ் இரண்டையும் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். ஷேரிங் டிக்கை எடுங்கள். அதன் பிறகு லேப்டாப்பிலும் போனிலும் ஆப்பை நீக்கி, இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் வைஃபை டைரக்ட் வர்ச்சுவல் அடாப்டர்' என்று ஒன்று மிச்சமிருந்தால் அதைத் தொட வேண்டாம், அது விண்டோஸுடையது.

எதுவும் உதவாவிட்டால் கடைசி ஆயுதம், விண்டோஸில் உள்ள 'நெட்வொர்க் ரீசெட்'. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும், ஆபீஸ் விபிஎன் இருந்தால் மறுபடி போட வேண்டிவரலாம். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கம்பெனிக்கு எப்போது போன் போட வேண்டும்?

ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ வெளியிலிருந்து வரும் ஒளியே நின்றுவிட்டது. அது நம் கையில் இல்லை, உடனே புகார் கொடுங்கள். அந்த விளக்கு அணைந்து, 'பான்' விளக்கு பச்சையாக அசையாமல் எரிந்து, மற்றவர்கள் போனில் வைஃபை ஓடுகிறது என்றால் கோளாறு உங்கள் லேப்டாப்பில்தான்.

ஹாட்ஸ்பாட்டே தேவைப்படாமல் செய்யலாம்

ஃபைபர் இழையில் போவது ஒளி, மின்சாரம் அல்ல. கரண்ட் போனால் வீட்டில் அணைவது நம் பெட்டிகள்தான். எதிர்முனையில் மின்சாரம் இருந்தால் லைன் உயிரோடுதான் இருக்கும். ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றைப் பொருத்தினால் கரண்ட் போனாலும் பெரும்பாலும் நெட் ஓடும். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட்டுக்கு 9 வோல்ட் உதவாது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும்.

விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்கு

சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ ஊருக்கு வந்து, அப்பாவின் லேப்டாப்பில் அவசர ஆபீஸ் வேலை பார்க்க டெதரிங் ஆப்பும் ப்ராக்ஸியும் போடுகிறீர்கள். பஸ் ஏறிவிடுகிறீர்கள். அடுத்த நாளிலிருந்து அவருக்கு பேங்க் பக்கம் திறக்காது, கரண்ட் பில் கட்ட முடியாது. ஏன் என்று கேட்க ஆளும் இருக்காது. ஊருக்குக் கிளம்பும் முன் ப்ராக்ஸியை அணைத்து, வீட்டு வைஃபையில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.